திருப்பி அடித்தால் யார் மேல் விழும்?

கேள்வி: பினாங்கு ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியா பக்கம் முப்பது வருடமாக அச்சகம் நடத்துகிறேன். கல்யாணப் பத்திரிகை, கோவில் நோட்டீஸ், கடைகளுக்கு பில் புத்தகம், உறை, இதுதான் தொழில். கடைப் பெயரிலேயே டொமைன் (இணையப் பெயர்) வாங்கி மெயில் வைத்திருக்கிறேன். தினமும் இருநூறுக்கு மேல் குப்பை வருகிறது. மருந்து, கடன், லாட்டரி, 'உங்கள் பார்சல் நிற்கிறது'. எல்லாவற்றிலும் அன்சப்ஸ்கிரைப் அழுத்திப் பார்த்தேன், இன்னும் கூடியதுதான் மிச்சம். மூன்று மாதத்துக்கு முன் கோபத்தில், தெரியாத முகவரியிலிருந்து எது வந்தாலும் 'இனி எழுதினால் போலீசில் புகார் கொடுப்பேன்' என்று தானாகப் பதில் போகும்படி செய்து வைத்தேன். இப்போது நான் அனுப்பாத மெயில் எல்லாம் 'போய்ச் சேரவில்லை' என்று என்னிடமே திரும்பி வருகிறது. நியூசிலாந்திலிருந்து ஓர் அம்மா, 'நான் உங்களுக்கு எழுதவே இல்லையே, ஏன் மிரட்டுகிறீர்கள்?' என்று கேட்டிருக்கிறார். போதாததற்கு, வடிகட்டியை இறுக்கி வைத்ததில் தண்ணீர்ப் பந்தல் குழுவின் தைப்பூச ஆர்டர் குப்பைப் பெட்டிக்குள் போய்விட்டது. நான் பார்ப்பதற்குள் அவர்கள் வேறு கடைக்குப் போய்விட்டார்கள். அக்காள் மகன் கணினி படிக்கிறான். அனுப்பியவனுக்கே ஆயிரம் ஆயிரமாகத் திருப்பி அனுப்பும் புரோகிராம் எழுதித் தருகிறேன் என்கிறான். செய்யச் சொல்லலாமா? மாதிரிக்கு மூன்று மெயிலை முழுதாக இணைத்திருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள ஐயா,

செய்யச் சொல்லாதீர்கள். அதற்கும் முன்னால், இந்தப் பதிலை இங்கேயே நிறுத்திவிட்டுப் போய் அந்தத் தானியங்கிப் பதிலை அணைத்துவிட்டு வாருங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

நான் இந்தத் தீவில் இருபது வருடத்துக்கு மேலாக மெயில் சர்வர், அதாவது மெயிலை வாங்கி அனுப்பும் கணினி, பார்க்கும் வேலையில் இருக்கிறேன். உங்கள் கோபம் எனக்குப் புதிதில்லை, அது நியாயமானதும்கூட. காலையில் கடை திறந்து, பசியாறக்கூட நேரமில்லாமல் இருநூறு குப்பையை ஒவ்வொன்றாக அழிப்பது யாருக்கும் எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் நீங்கள் அனுப்பிய மூன்று மெயிலையும் உட்கார்ந்து வரிக்கு வரி பார்த்தேன். மூன்று மாதமாக நீங்கள் வீசிய கல்லில் ஒன்றுகூட ஸ்பேம் என்கிற இந்தக் குப்பையை அனுப்புகிறவன் மேல் பட்டிருக்காது. ஏன் என்பதை உங்கள் தொழிலை வைத்தே சொல்கிறேன்.

ஒருவர் உங்கள் கடைக்கு வந்து ஐந்நூறு உறை அச்சடிக்கச் சொல்கிறார். இடது மூலையில் அனுப்புநர் முகவரி என்று ஒன்றை எழுதிக் கொடுக்கிறார். அது அவர் முகவரிதானா என்று நீங்கள் வீடு தேடிப் போய் விசாரிப்பதில்லை, கேட்டபடி அச்சடித்துத் தருகிறீர்கள். மெயிலும் அப்படித்தான். 1982 ஆகஸ்டில் ஜான் போஸ்டல் என்பவர் எழுதி வெளியிட்ட விதிமுறைதான் இன்றைக்கும் மெயில் போக்குவரத்துக்கு அடித்தளம். அப்போது வலையில் இருந்தவை சில நூறு கணினிகள். பல்கலைக்கழகம், ஆய்வுக்கூடம், ராணுவம், அவ்வளவுதான். ஒருவரை ஒருவர் நம்பிய கூட்டம் என்பதால், 'யாரிடமிருந்து' என்ற இடத்தில் எதை எழுதினாலும் ஏற்றுக்கொள்ளும்படி அது அமைந்துவிட்டது. அந்த நம்பிக்கைக்கும் அப்போதே ஒரு கீறல் விழுந்திருந்தது. 1978 மே மாதம் டிஜிட்டல் எக்விப்மென்ட் என்ற கணினி நிறுவனத்தின் கேரி தூர்க், சுமார் 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பித் திட்டு வாங்கினார். அவராவது தன் பெயரில் அனுப்பினார். இன்றைக்கு அனுப்புகிறவர்கள் உங்கள் பெயரையும் அந்த நியூசிலாந்து அம்மா பெயரையும் எடுத்து ஒட்டிக்கொள்கிறார்கள்.

நீங்கள் இணைத்த இரண்டாவது மெயிலை எடுத்துக்கொள்வோம். 'பார்சல் நிற்கிறது' என்ற அந்த மெயில். மேலோட்டமாகப் பார்த்தால் உங்கள் கடை முகவரியிலிருந்தே உங்களுக்கு வந்தது போல இருக்கிறது. அதன் முழுத் தலைப்பைத் திறந்தால் 'ரிசீவ்ட்' என்று தொடங்கும் வரிகள் மூன்று இருக்கின்றன. ஒவ்வொரு சர்வரும் கடிதத்தைக் கைமாற்றும்போது தபால் முத்திரை போல ஒரு வரியை மேலே குத்தும். ஆகவே கீழேயிருந்து மேலே படிக்க வேண்டும். கீழே இருக்கும் இரண்டு வரிகளும், பார்சல் கம்பெனியின் சர்வர் வழியாக மெயில் வந்ததாகச் சொல்கின்றன. ஆனால் நேரத்தைப் பாருங்கள். முதலில் குத்தியிருக்க வேண்டிய அடிவரியில் இருக்கும் நேரம், கடைசியாகக் குத்தியதைவிட மூன்று மணி நேரம் பிந்தியது. போய்ச் சேர்ந்த பிறகா புறப்பட்டது? அந்த இரண்டு முத்திரையும் அனுப்பியவனே வரைந்தவை.

நம்பக்கூடியது மேல்வரி ஒன்றுதான். அதை எழுதியது உங்கள் டொமைனை வைத்திருக்கும் நிறுவனத்தின் சர்வர். அதிலும் இரண்டு பகுதி உண்டு. வந்து கதவைத் தட்டிய கணினி தன்னை ஒரு வங்கியின் பெயரில் அறிமுகப்படுத்திக்கொண்டிருக்கிறது. அது வாயால் சொன்னது. பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஓர் எண் இருக்கிறது. அது உங்கள் சர்வர் தன் கண்ணால் பார்த்து எழுதிக்கொண்ட ஐபி எண், அதாவது இணையத்தில் அந்த இணைப்பின் அடையாள எண். தேடிப் பார்த்தேன். வேறொரு கண்டத்தில் ஏதோ ஒரு வீட்டின் இணைய இணைப்பு. பெரும்பாலும் வைரஸ் புகுந்த கணினியாக இருக்கும். அந்த வீட்டுக்காரருக்குத் தன் கணினி ராத்திரி முழுக்க என்ன செய்கிறது என்று தெரியவே தெரியாது.

இப்போது அக்காள் மகனின் ஆயிரம் மெயில் எங்கே போகும் என்று யோசியுங்கள். முகவரியைப் பார்த்து அனுப்பினால் உங்களுக்கே வரும், இல்லையென்றால் நியூசிலாந்து அம்மா மாதிரி ஒருவருக்குப் போகும். ஐபி எண்ணைப் பார்த்துத் தாக்கினால் அந்த வீட்டுக்காரர் தலையில் விழும். அப்படித் தாக்குவது நம் நாட்டுச் சட்டப்படி குற்றமும்கூட. படித்துக்கொண்டிருக்கும் பையனை அதில் இழுத்துவிடாதீர்கள்.

இதே தவற்றை நானும் செய்திருக்கிறேன். பாயான் லெப்பாசில் ஒரு தொழிற்சாலையின் மெயில் சர்வரைப் பார்த்துக்கொண்டிருந்த காலம். வருகிற ஸ்பேமை எல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு, 'ஏற்க முடியாது' என்று அனுப்புநருக்குத் திருப்பி அனுப்பும்படி நான்தான் அமைத்தேன். வந்த இடத்துக்கே போகட்டும் என்று நினைத்தேன். அத்தனையும் முன்பின் தெரியாத மனிதர்களின் பெட்டியில் போய்க் கொட்டியது. சில வாரத்தில் எங்கள் சர்வரின் ஐபி எண்ணே ஸ்பேம் அனுப்பும் எண்களின் தடைப்பட்டியலில் ஏறிவிட்டது. இரண்டு நாள் எங்கள் விற்பனைப் பிரிவு அனுப்பிய ஒரு விலைப்புள்ளிகூட வாடிக்கையாளருக்குப் போய்ச் சேரவில்லை. பட்டியலை வைத்திருந்தவர்களுக்கு விளக்கம் எழுதி, அமைப்பை மாற்றி, பெயரை எடுக்க வைத்த பிறகுதான் தூங்கினேன். உங்கள் தானியங்கிப் பதிலை உடனே நிறுத்தச் சொன்னது அதனால்தான். அது இன்னும் சில மாதம் ஓடினால், நீங்கள் அனுப்பும் கல்யாணப் பத்திரிகை மாதிரியும் போக வேண்டிய இடத்துக்குப் போகாது.

பெரிய அளவில் திருப்பி அடித்துப் பார்த்தவர்களும் உண்டு. 2004 கடைசியில் லைகோஸ் என்ற நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு, ஸ்பேம்காரர்களின் தளங்களுக்குள் ஓயாமல் போய்த் தட்டும் ஒரு ஸ்கிரீன்சேவரை மக்களுக்குக் கொடுத்தது. சட்டம் தெரிந்தவர்களும் இணைய நிறுவனங்களும் எதிர்க்க, சில நாளில் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அடுத்து நடந்ததுதான் உங்கள் கேள்விக்கு நேர்ப் பதில். இஸ்ரேலில் தொடங்கிய புளூ செக்யூரிட்டி என்ற நிறுவனம் 'புளூ ஃபிராக்' என்று ஒரு மென்பொருள் கொடுத்தது. உறுப்பினருக்கு ஒரு ஸ்பேம் வந்தால், அதில் விளம்பரமாகும் தளத்துக்கு 'எனக்கு அனுப்பாதே' என்று ஒரு வேண்டுகோள் போகும். ஒருவருக்கு ஒன்று, அதற்கு மேல் இல்லை. ஆனால் உறுப்பினர்கள் சுமார் ஐந்து லட்சம் பேர். தளம் திணறும்.

கேட்கும்போது நியாயமான ஏற்பாடாகத்தான் இருக்கிறது. உறுப்பினர் முகவரிகள் வெளியே தெரியாதபடி மறைத்துத்தான் வைத்திருந்தார்கள். ஸ்பேம்காரர்கள் தங்கள் பட்டியலில் உறுப்பினர்களை மட்டும் நீக்கிக்கொள்வதற்கு ஒரு வசதியும் செய்து தந்தார்கள். ஸ்பேம்காரர்கள் அதை வைத்தே காரியத்தை முடித்தார்கள். நீக்குவதற்கு முன் இருந்த பட்டியலையும் நீக்கிய பின் இருந்த பட்டியலையும் ஒப்பிட்டால், யார் யார் உறுப்பினர் என்பது தெரிந்துவிடுகிறது. 2006 மே மாதம் அந்த உறுப்பினர்களுக்கு மிரட்டல் மெயில் வந்தது, ஸ்பேம் பல மடங்கு கூடியது. நிறுவனத்தின் தளத்தின் மேல் பெருந்தாக்குதல் நடந்தது. அவர்கள் தளத்துக்கு வருகிறவர்களைத் தங்கள் வலைப்பதிவுக்குத் திருப்பிவிட, தாக்குதலும் கூடவே போய், அந்த வலைப்பதிவு இருந்த டைப்பேட் சேவையையும் லைவ்ஜர்னல் என்ற இன்னொரு வலைப்பதிவுச் சேவையையும் சேர்த்துச் சாய்த்தது. இந்தச் சண்டைக்குச் சம்பந்தமே இல்லாத எத்தனையோ பேரின் பக்கங்கள் பல மணி நேரம் முடங்கின. அதே மாதத்தில் புளூ செக்யூரிட்டி அந்தச் சேவையை மூடிவிட்டது. பணமும் பொறியாளர்களும் இருந்த நிறுவனத்துக்கே அந்த நிலை.

வழக்குப் போடலாமே என்றும் உங்களுக்குத் தோன்றும். தடைப்பட்டியல் வெளியிடும் ஸ்பாம்ஹவுஸ் என்ற அமைப்பின் கதையைக் கேளுங்கள். 1998 முதல் ஸ்பேமை எதிர்த்து வேலை செய்யும் அந்த அமைப்பின் மேல்தான் வழக்கு வந்தது! பட்டியலில் ஏறிய ஓர் அமெரிக்க விளம்பர நிறுவனம் வழக்குப் போட்டு, 2006இல் 11.7 மில்லியன் டாலர் இழப்பீட்டுக்குத் தீர்ப்பு வாங்கியது. மேல்முறையீடுகளுக்குப் பிறகு 2011இல் அந்தத் தொகை 3 டாலர் ஆனது. மூன்றே டாலர். ஆனால் அதற்கு ஐந்து வருடம் நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்தது. இந்த அமைப்பில் இருக்கிறவர்கள்மேல் எனக்குள்ள மரியாதை பெரிது. நம் பெட்டிக்கு வராமலே போகிற குப்பைக்கு இவர்களைப் போன்றவர்கள்தான் காரணம், அவர்கள் பெயர்கூட நமக்குத் தெரியாது.

சரி, இவ்வளவு குப்பையை அனுப்புகிறவனுக்கு என்ன லாபம் என்று கேட்பீர்கள். 2008இல் கலிபோர்னியாவின் பெர்க்லி, சான்டியேகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 'ஸ்டார்ம்' என்ற, வைரஸ் புகுந்த கணினிகளால் ஆன ஸ்பேம் வலைக்குள்ளேயே நுழைந்து எண்ணிப் பார்த்தார்கள். 26 நாளில் ஏறக்குறைய 350 மில்லியன் மருந்து விளம்பர மெயில். அவற்றால் நடந்த விற்பனை 28. ஒரு மில்லியனுக்கு ஒருவர்கூட வாங்கவில்லை. ஆனாலும் தொழில் நடக்கிறது, ஏனென்றால் அனுப்பும் செலவை ஏற்பது அவன் கணினி இல்லை, அந்த வீட்டுக்காரரின் கணினி. இந்தக் கணக்கைப் பார்த்த பிறகுதான் எனக்கே ஒரு விஷயம் உறைத்தது. உங்கள் கோபமான பதிலை அவன் படிப்பதில்லை, படித்தாலும் கவலைப்படப் போவதில்லை. அவனுக்குப் பயன்படுவது ஒன்றுதான். உங்கள் முகவரியில் ஓர் ஆள் உயிரோடு உட்கார்ந்திருக்கிறார் என்ற தகவல். முன்பின் தெரியாத மெயிலில் நீங்கள் அழுத்திய ஒவ்வொரு அன்சப்ஸ்கிரைபும் அந்தத் தகவலைக் கொடுத்திருக்கிறது. அழுத்த அழுத்தக் கூடியதற்குக் காரணம் இதுவாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

அவர்களுக்கு உண்மையில் வலித்த அடிகள் நடுவழியில்தான் விழுந்திருக்கின்றன. 2008 நவம்பரில் ஸ்பேம் வலைகளை இயக்கும் சர்வர்களுக்கு இடம் கொடுத்திருந்த மெக்கோலோ என்ற ஒரே ஒரு சேவை நிறுவனத்தின் இணைப்பைத் துண்டித்ததும், உலக ஸ்பேமில் பாதிக்கு மேல் ஒரே நாளில் நின்றது. சில மாதத்தில் வேறு வழியில் திரும்பி வந்துவிட்டது என்றாலும், அந்த நாளை இந்தத் தொழிலில் இருந்த யாரும் மறக்கவில்லை. 2011இல் அதே சான்டியேகோ, பெர்க்லி ஆய்வாளர்கள் இன்னொன்று கண்டுபிடித்தார்கள். ஸ்பேமில் விற்கும் மருந்து, போலிக் கடிகாரம், மென்பொருள் இவற்றுக்கான பணத்தில் 95 சதவீதம் விரல்விட்டு எண்ணக்கூடிய சில வங்கிகள் வழியாகத்தான் போகிறது. அந்த வழிகளை அடைப்பது வங்கிகளும் அரசுகளும் செய்கிற வேலை. நீங்களும் நானும் அதற்கு உதவக்கூடியது, மெயிலின் மேலே இருக்கும் 'ஸ்பேம் எனப் புகார்' பட்டனை அழுத்துவதுதான். சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் 2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாகூவும் ஒரு விதி வைத்திருக்கின்றன. அதன்படி அனுப்புநர்கள் மேல் வரும் புகார் 0.3 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். தாண்டினால் அவர்கள் மெயில் பெட்டியில் சேராமல் போகலாம். ஆயிரத்துக்கு மூன்று பேர் போதும். திட்டிப் பதில் எழுதுவதைவிட அந்தப் பட்டனுக்கு வலு அதிகம்.

இனி உங்கள் கடைக்கு வருவோம்.

முதலில், 'போய்ச் சேரவில்லை' என்று திரும்பி வரும் மெயில். உங்கள் கணக்கின் பாஸ்வேர்ட் யார் கையிலாவது சிக்கியிருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். நீங்கள் அனுப்பிய மூன்றாவது மாதிரி அந்த வகைதான், அதன் உள்ளே இருந்த மூலத் தலைப்பைப் பார்த்தேன். அது உங்கள் சர்வரிலிருந்து புறப்படவில்லை. யாரோ வெளியிலிருந்து உங்கள் முகவரியை அனுப்புநராக ஒட்டி அனுப்பியிருக்கிறார்கள், சேராததெல்லாம் உங்கள் வாசலுக்கு வருகிறது. நியூசிலாந்து அம்மாவுக்கு நீங்கள் செய்ததும், அறியாமல் செய்ததுதான், இதேதான். ஆனாலும் ஒரு மாதிரியை வைத்து நிம்மதியாகிவிட முடியாது. 'சென்ட்' பெட்டியில் நீங்கள் எழுதாதது ஏதாவது இருக்கிறதா, அமைப்புகளில் உங்களுக்குத் தெரியாத ஃபார்வர்ட் முகவரி இருக்கிறதா என்று பாருங்கள். பாஸ்வேர்டை மாற்றி, இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட்டுவிடுங்கள்.

அடுத்தது, உங்கள் முதல் மாதிரியில் நான் கவனித்த ஒன்று. அது 'சேல்ஸ்' என்ற பெயரில் உங்கள் டொமைனுக்கு வந்திருக்கிறது. நீங்கள் அப்படி ஒரு முகவரியே வைத்திருப்பதாகச் சொல்லவில்லை. உங்கள் டொமைனில் 'கேட்ச்-ஆல்' திறந்திருக்கிறது என்று நினைக்கிறேன். அதாவது உங்கள் டொமைன் பெயருக்கு முன்னால் யார் என்ன பெயரைக் கற்பனை செய்து போட்டாலும், எல்லாம் உங்கள் ஒரே பெட்டியில் வந்து விழும். டொமைன் நிறுவனத்தைக் கூப்பிட்டு அதை மூடச் சொல்லுங்கள். நீங்கள் உண்மையில் அச்சிட்டுக் கொடுக்கும் ஒன்றிரண்டு முகவரிகள் மட்டும் இருக்கட்டும். இருநூறில் கணிசமானது அன்றைக்கே நிற்கும் என்று எதிர்பார்க்கிறேன். கூடவே, மெயிலில் படங்கள் தானாகத் திறக்காதபடி வைத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளிப் படத்தை உள்ளே வைத்து, நீங்கள் திறந்ததும் அவனுக்குத் தகவல் போகும்படி செய்வார்கள்.

முகவரியை வெளியே காட்டாதீர்கள் என்று சிலர் அறிவுரை சொல்வார்கள். கடைக்காரருக்கு அது ஆகாது. உங்கள் முகவரி பெயர்ப்பலகையிலும் பில் புத்தகத்திலும் இருந்தால்தான் வியாபாரம்.

வடிகட்டியைத் தளர்த்துங்கள். வடிகட்டி இரண்டு வகையில் தப்புச் செய்யும். குப்பையை உள்ளே விடும், நல்லதை வெளியே தள்ளும். முதல் தப்பு உங்களுக்கு ஒரு நொடி, இரண்டாவது தப்பு ஓர் ஆர்டர். உங்களுக்கு வரும் மெயில் தமிழும் மலாயும் ஆங்கிலமும் கலந்து, பெரிய பிடிஎஃப் இணைப்போடு, 'அர்ஜென்ட்' என்ற தலைப்போடு வரும். எந்த வடிகட்டிக்கும் அது கொஞ்சம் சந்தேகமாகத்தான் தெரியும். அதற்குப் பழக்க வேண்டும். 2002க்குப் பிறகு பரவிய வடிகட்டிகள், அவரவர் மெயிலைப் பார்த்து எந்தச் சொல் எந்தப் பக்கம் என்று கணக்குப் போட்டுக் கற்றுக்கொள்கிறவை. ஒரு மாதம் காலையிலும் மாலையிலும் குப்பைப் பெட்டியைத் திறந்து, நல்லதை 'குப்பை இல்லை' என்று குறித்து வெளியே எடுங்கள். சலிப்பான வேலைதான். ஆனால் அதன் பிறகு வித்தியாசம் தெரியும்.

அன்சப்ஸ்கிரைப் விஷயத்தில் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த நிறுவனத்தோடு எனக்கு என்றைக்காவது கொடுக்கல் வாங்கல் இருந்ததா? இருந்தால் அழுத்தலாம். நான் சொன்ன 2024 விதிப்படி, ஒரு நாளைக்கு 5,000க்கு மேல் அனுப்புகிறவர்கள் ஒரே அழுத்தில் விலகும் வசதியைத் தந்து, இரண்டு நாளுக்குள் நிறுத்த வேண்டும். பேப்பர் விற்கிறவர், மை விற்கிறவர், காப்புறுதி முகவர் போன்ற உள்ளூர் ஆட்கள் சொல்லியும் கேட்கவில்லை என்றால், தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010இன் 43ஆம் பிரிவு இருக்கிறது. விளம்பரத்துக்கு என் விவரத்தைப் பயன்படுத்தாதே என்று எழுத்து மூலம் அறிவிக்க உங்களுக்கு உரிமை உண்டு. அப்படியும் நிறுத்தாவிட்டால் ஆணையரிடம் புகார் செய்யலாம். ஆணையர் உத்தரவை மீறினால் 2 லட்சம் ரிங்கிட் வரை அபராதமோ இரண்டு வருடம் வரை சிறையோ இரண்டுமோ உண்டு. உள்ளூர்க்காரர்களுக்கு அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு நாலு வரி எழுதினாலே பெரும்பாலும் அடங்கிவிடுவார்கள். போலீஸ் மிரட்டலைவிட இது வேலை செய்யும், ஏனென்றால் இங்கே உங்களுக்கு உண்மையான முகவரி தெரியும்.

கொடுக்கல் வாங்கல் இல்லாதவர்களிடமிருந்து வருவது, பார்சல், வங்கி, லாட்டரி, எதையும் அழுத்தாதீர்கள். புகார் பட்டன், அப்புறம் அழிப்பு. வங்கி விவரம் திருடப் பார்க்கும் மெயிலாக இருந்தால் சைபர்செக்யூரிட்டி மலேசியா என்ற அரசு அமைப்பு நடத்தும் சைபர்999 உதவி மையத்துக்கு அனுப்பலாம். கடையில் யாராவது தவறி லிங்கை அழுத்தி வங்கி விவரம் கொடுத்துவிட்டால், யார் மேல் தப்பு என்று பேசிக்கொண்டிருக்காமல் உடனே வங்கியையும், பண மோசடிக்கான தேசிய உதவி எண் 997ஐயும் கூப்பிடுங்கள். அங்கே ஒவ்வொரு நிமிடமும் கணக்கு.

இனி அக்காள் மகனுக்கு ஒரு வேலை. அவன் திறமையை வீணாக்க எனக்கு மனமில்லை. உங்கள் கடைப் பெயரை வேறு யாரும் போட்டுக்கொள்ள முடியாதபடி செய்யச் சொல்லுங்கள். இதற்கு மூன்று ஏற்பாடுகள் உண்டு: எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க். எஸ்பிஎஃப் என்பது உங்கள் கடை உறையில் கடிதம் அனுப்ப எந்த எந்த சர்வருக்கு அனுமதி என்று டொமைனில் ஒட்டி வைக்கும் பட்டியல். டிகேஐஎம் ஒவ்வொரு மெயிலிலும் விழும் அரக்கு முத்திரை, வழியில் யாராவது ஓர் எழுத்தை மாற்றினாலும் முத்திரை பொருந்தாது. டிமார்க், இந்த இரண்டும் ஒத்துவராத மெயிலை என்ன செய்ய வேண்டும் என்று நீங்கள் உலகத்துக்குச் சொல்லும் கட்டளை. உங்கள் டொமைனைப் பார்த்தேன், மூன்றில் ஒன்றுகூட இல்லை. அதனால்தான் உங்கள் பெயரைக் கண்டவனும் எடுத்து ஒட்டிக்கொள்கிறான்.

இதற்கு ஒரு வெள்ளிகூடத் தனியாகச் செலவில்லை, டொமைன் அமைப்பில் சில வரிகள்தான். ஆனால் அவசரப்படக் கூடாது. டிமார்க்கை முதலில் 'பார்த்துக்கொண்டு மட்டும் இரு' என்ற நிலையில் வைத்து, நாலைந்து வாரம் வரும் அறிக்கைகளைப் பையன் படிக்க வேண்டும். பில் அனுப்பும் கணக்கு மென்பொருள், பண்டிகை வாழ்த்து அனுப்பும் சேவை என்று உங்கள் பெயரில் நல்லவிதமாக அனுப்புகிறவை எல்லாம் பட்டியலில் வந்துவிட்டனவா என்று அதில் தெரியும். அவை விட்டுப்போயிருந்தால் சேர்த்துவிட்டு, பிறகு 'குப்பையில் போடு', கடைசியில் 'வாசலிலேயே நிறுத்து' என்று இறுக்கலாம். நேராகக் கடைசிக்குப் போனால் உங்கள் பில்லே போகாது. இதையெல்லாம் செய்தாலும், உங்கள் கடைப் பெயரில் ஓர் எழுத்தை மாற்றிப் புது டொமைன் வாங்கி ஏமாற்றுகிறவனை இது தடுக்காது. உங்களுக்கு வரும் ஸ்பேமும் இதனால் குறையாது. ஆனால் உங்கள் பெயரில் மற்றவர்களுக்குப் போவது பெருமளவு நின்றுவிடும், அந்தத் திரும்பி வரும் மெயிலும் கூடவே குறையும்.

இன்னும் ஒன்று இருக்கிறது, உங்கள் கடிதத்தை மூன்றாம் முறை படிக்கும்போதுதான் எனக்குப் பட்டது. தண்ணீர்ப் பந்தல் குழு வேறு கடைக்குப் போனதற்குக் குப்பைப் பெட்டி மட்டும்தான் காரணமா? தெரியாத முகவரியிலிருந்து எது வந்தாலும் போலீஸ் மிரட்டல் போகும்படி வைத்திருந்தீர்கள். இந்த வருடம் குழுவில் பொறுப்பு மாறி, புதிதாக வந்தவர் தன் சொந்த முகவரியிலிருந்து ஆர்டர் எழுதியிருந்தால், அவருக்கும் அந்தப் பதில் போயிருக்கும். கோவில் காரியத்துக்கு நோட்டீஸ் கேட்டு எழுதியவர் அதைத் திறந்து படித்திருப்பார். அது நடந்ததா என்பது அனுப்பிய பதில்களின் பதிவில் இருக்கும். அந்த மூன்று மாதத்துக்கும் தேதி வாரியாகப் பாருங்கள். அவர் பெயர் இருந்தால் மெயில் எழுதிக்கொண்டிருக்காதீர்கள், நேரில் போய்ப் பார்த்து நடந்ததைச் சொல்லுங்கள். அந்தப் பட்டியலில் வேறு வாடிக்கையாளர்கள் இருந்தால் அவர்களுக்கும் ஒரு போன். நியூசிலாந்து அம்மாவுக்கு இரண்டு வரி மன்னிப்பு இன்றைக்கே எழுதலாம், அவர் முகவரி உண்மையானது என்று உங்களுக்குத் தெரியும்.